முக்குளிப்பு: 'ஃப்ரீடைவிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மலேசியாவில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் கடல் இல்லை. சுற்றிலும் செம்பனை, மிச்சம் இருக்கும் கொஞ்சம் ரப்பர், பிளஸ் ஆறு, அவ்வளவுதான். கடல் பார்க்க வேண்டுமென்றால் லுமுட் பக்கம் காரை விட வேண்டும். ஆனாலும் ஊர்ப் பெயரிலேயே ஓட்டுக்குள் வாழும் ஓர் உயிர் இருக்கிறது. மலாயில் சுங்கை என்றால் ஆறு; சிப்புட் என்றால் நத்தை. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலடிச் சொல் ஒன்றைப் பற்றி நான் எழுதக் காரணம் என் அக்கா மகள்.

பள்ளி விடுமுறையில் அவளும் நானும் வீட்டில் ஒரு ஆவணப்படம் பார்க்க உட்கார்ந்தோம். ஒரே மூச்சில் கடலுக்குள் நூறு மீட்டர் இறங்கும் பெண் ஒருவரைப் பற்றிய படம். ஆங்கிலத்தில் இதை 'ஃப்ரீடைவிங்' என்பார்கள். படத்தைப் பற்றித் தேடியபோது கண்ணில் பட்ட தமிழ்க் குறிப்பு ஒன்றில் 'இலவச டைவிங்' என்று எழுதியிருந்தது. அவள் உடனே கேட்டாள்: "இலவசம்னா காசு இல்லாமதானே மாமா? அப்போ மத்த டைவிங்குக்கு எல்லாம் காசு கட்டணுமா?"

அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த இடத்தில் 'இலவசம்' என்ற சொல் இல்லாத ஒரு பொருளைப் படிப்பவர் தலையில் ஏற்றிவிடுகிறது. 'சுதந்திர மூழ்குதல்', 'கட்டற்ற மூழ்கல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இலவசத்துக்கு இவை தேவலாம். ஆனாலும் எதிலிருந்து சுதந்திரம், எந்தக் கட்டு அறுந்தது என்று சொல்லாமலே விட்டுவிடுகின்றன. சரி, ஆங்கிலத்தில் அந்த 'ஃப்ரீ' எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடியில் வேலை செய்தவர் தலையில் செம்பு, பித்தளையால் செய்த கவசம் இருந்தது. காலில் ஈயம் வைத்த பூட்ஸ். மேலே படகிலிருந்து ஒரு குழாய் வழியாகக் காற்று வரும். அந்தக் குழாய் எட்டும் தூரம்தான் அவருடைய உலகம். 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் சேர்ந்து முதுகில் கட்டிக்கொள்ளும் காற்றுக்கலனையும், தேவைக்கு ஏற்பக் காற்றைத் தரும் கருவியையும் செய்தார்கள். குழாய் போய்விட்டது, ஆள் மீனைப்போல நினைத்த பக்கம் திரும்பலாம். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'ஃப்ரீ டைவர்' என்று அழைக்கப்பட்டவர் இப்படிக் கலனோடு இறங்கியவர்தான். படகோடு பிணைத்த குழாயிலிருந்து விடுபட்டவர் என்பது பொருள்.

பிறகு அந்த முறைக்கு 'ஸ்கூபா' என்று தனிப்பெயர் வந்தது. அப்புறம் 'ஃப்ரீ' மெல்ல இடம் மாறி, கலனே இல்லாமல் சொந்த மூச்சோடு மட்டும் இறங்குபவரிடம் போய் ஒட்டிக்கொண்டது. முதலில் குழாயிலிருந்து விடுதலை, பிறகு கலனிலிருந்தும் விடுதலை. கருவிகள் வந்த பிறகு, கருவி இல்லாததைக் குறிப்பதற்காகப் பிறந்த அடைமொழி இது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல்லைத் தேடும்போது எனக்கு வழி காட்டியது இதுதான்.

மற்ற மொழிகள் இதே செயலை வேறு வேறு பக்கத்திலிருந்து பார்த்திருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் 'அப்னே', 'அப்னேயா' என்கிறார்கள். கிரேக்க மூலத்தில் 'மூச்சின்மை' என்று பொருள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதற்கு டாக்டர்கள் சொல்லும் 'அப்னியா'வும் இதே சொல்தான். ஜப்பானியர் 'சுமோகுரி' என்கிறார்கள். வெறுமனே இறங்குவது என்று கொள்ளலாம். கொரியாவின் ஜேஜு தீவில் கடலில் இறங்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் ஹேன்யோ பெண்கள் தங்கள் தொழிலை 'முல்ஜில்' என்கிறார்கள். தண்ணீர் வேலை, அவ்வளவுதான். அந்தப் பெயரில் வீரமும் இல்லை, விளையாட்டும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மலாயில் 'செலாம் பெபாஸ்' என்பது ஆங்கிலத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் 'செலாம்' மண்ணின் சொல். முக்குளிக்கும்போதே தண்ணீரும் குடிப்பது என்ற மலாய்ப் பழமொழியை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தமிழுக்கு வருவோம். பக்கத்து வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்தவர். அவருடைய அப்பா இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். மாலையில் வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம், மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் போவதற்குத் தமிழில் என்ன சொல்வது பெரியப்பா, என்று கேட்டேன்.

"முக்குளிக்கிறது."

"இல்ல பெரியப்பா, சிலிண்டர் இல்லாம, மூச்சை மட்டும் அடக்கிக்கிட்டு..."

"முக்குளிக்கிறதுன்னாலே மூச்சை அடக்கிக்கிட்டுதானேப்பா? வேற எப்படி முக்குளிப்பாங்க?"

அன்று இரவு முழுக்க அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. ஆங்கிலம் கருவியைப் பார்த்த பிறகு பெயர் வைத்தது. தமிழ் கருவிக்கு வெகுகாலம் முன்பே பெயர் வைத்துவிட்டது. முக்குளி என்ற சொல்லுக்குள் அடக்கிய மூச்சு ஏற்கனவே இருக்கிறது. அதற்கு 'சுதந்திர' என்றோ 'கட்டற்ற' என்றோ அடை கட்டத் தேவையே இல்லை.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே 'குளி' நிற்கிறது. இன்று நமக்குக் குளிப்பது என்றால் குளியலறை, வாளி, சோப்பு. ஆனால் முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்ற சொற்களில் வருகிற குளி வேறு. நீருக்குள் இறங்கி அடியைத் தொடுவது அது. தூத்துக்குடியை முத்துக்குளித்துறை என்று சொல்வதும் இந்தக் குளியால்தான். முன்னால் நிற்கும் 'முக்கு', ரொட்டி சானாயைக் குழம்பில் முக்குகிறோமே, அந்த முக்குதான் என்று எனக்குப் படுகிறது. பிளஸ் ஆற்றில் சிறுவர்கள் யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று போட்டி போடுவதை எங்கள் தோட்டத்தில் 'முங்கு நீச்சல்' என்போம். முங்கு, முக்கு, முழுகு, மூழ்கு எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல ஒலிக்கின்றன.

இன்னொரு சாட்சி ஒரு பறவை. தமிழ்நாட்டுக் குளங்களில் வாத்தைவிடச் சிறியதாக ஒரு நீர்ப்பறவை உண்டு. ஆள் அசைந்தால் சட்டென்று தண்ணீருக்குள் போய், எதிர்பாராத இடத்தில் தலை தூக்கும். அதன் பெயர் முக்குளிப்பான். பெயர் வைத்தவர் என்ன பார்த்தாரோ அதுதான் சொல்லின் பொருள்: தானாக உள்ளே போவது, உள்ளே இருப்பது, தானாக வெளியே வருவது.

இங்கேதான் 'மூழ்குதல்' எனக்கு ஒத்துவரவில்லை. அது பழைய சொல், நல்ல சொல். அகநானூற்றின் 350ஆம் பாடலில் கொற்கைப் பரதவர் சுறாவை விலக்கி வலம்புரிச் சங்குக்காக 'மூழ்கிய'தாகத்தான் வருகிறது. ஆனால் இன்று கப்பல் மூழ்குகிறது, வெள்ளத்தில் வீடு மூழ்குகிறது, கடனில் குடும்பம் மூழ்குகிறது. மூழ்கியது திரும்பி வரும் என்ற உறுதி அந்தச் சொல்லில் இப்போது இல்லை. முக்குளிப்பதில் திரும்பி வருவது சேர்ந்தே இருக்கிறது. ஒரே மூச்சில் கீழே போகிறவருக்கு, அந்தத் திரும்பி வருதல்தானே முழு விஷயமும்?

சொல் மட்டுமல்ல, தொழில்நுட்பமும் நம்மிடம் இருந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்துச் சரசரவென்று இறங்குவார். கடல் அடியில் ஒரு நிமிட அளவுக்குச் சிப்பிகளை அள்ளி வலைப்பையில் போடுவார். கயிற்றை அசைத்ததும் மேலே படகில் இருப்பவர் இழுப்பார். குளிகாரர் உயிர் கயிறு பிடிப்பவர் கையில். சுறாவைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' கரையில் இருந்தால்தான் பலர் கடலில் இறங்குவார்களாம். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளிப்பு நின்றுபோனது.

இப்போது 1976க்கு வாருங்கள். இத்தாலியின் எல்பா தீவருகே ஜாக் மயோல் என்ற பிரெஞ்சுக்காரர் 100 மீட்டர் ஆழத்தைத் தொட்டார். ஒரே மூச்சில் அந்த ஆழம் வரை போன முதல் மனிதர் அவர். அவர் எப்படி இறங்கினார்? கயிற்றோடு ஓடும் எடையைப் பிடித்துக்கொண்டு. மன்னாரின் கல்தான் அது, உலோகமாக மாறி வந்திருக்கிறது. மயோல் யோகமும் மூச்சுப் பயிற்சியும் செய்தவர். பூரகம், கும்பகம், இரேசகம் என்று திருமூலர் சொன்ன மூன்றில் நடுவில் இருக்கும் கும்பகம், மூச்சை உள்ளே நிறுத்துவது. திருமந்திரம் இழுப்பதற்கு 16, நிறுத்துவதற்கு 64, விடுவதற்கு 32 என்று கணக்குச் சொல்கிறது. தரையில் உட்கார்ந்து மூச்சடக்கும் பயிற்சிக்கு 'கும்பகம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மயோலையும் அவருடைய இத்தாலியப் போட்டியாளர் என்சோ மயோர்காவையும் வைத்து லுக் பெஸ்ஸோன் 1988இல் எடுத்த படம் 'தி பிக் ப்ளூ'. கதை பெரும்பாலும் கற்பனை. ஆனாலும் கடல் அடியில் ஒருவன் தனியாக நிற்கும் அமைதியை அந்தப் படம் உலகத்துக்குக் காட்டியது. 2020இல் வந்த 'மை ஆக்டோபஸ் டீச்சர்' வேறு மாதிரி. தென்னாப்பிரிக்காவின் குளிர்ந்த கடலில் கிரெய்க் ஃபாஸ்டர் கலனும் இல்லாமல், குளிருடையும் இல்லாமல் தினமும் போய் ஒரு ஆக்டோபஸைப் பார்க்கிறார். ஆஸ்கர் வாங்கிய படம். அதில் சாதனை, மீட்டர், போட்டி எதுவும் கிடையாது. அந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது 'ஃப்ரீடைவிங் வீரர்' என்று எழுதினால் எவ்வளவு பொருந்தாமல் நிற்கிறது, பாருங்கள். 'தினமும் முக்குளித்தார்' என்றால் போதும். 2024இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் தி சீ விமன்' ஜேஜுவின் ஹேன்யோக்களைப் பற்றியது. இன்று கடலில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் பாட்டிகள். நீருக்கு மேலே வந்ததும் அவர்கள் விடும் மூச்சு சீட்டியடிப்பதுபோல ஒலிக்கும். அந்த ஒலிக்குக்கூட அவர்கள் மொழியில் 'சும்பிசோரி' என்று பெயர் உண்டு. 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய பண்பாட்டை மனிதகுல மரபாகப் பட்டியலிட்டது.

நம் நாட்டிலும் இருக்கிறார்கள். சபாவின் செம்போர்ணா கடலில் படகிலேயே வாழும் பஜாவ் மக்கள் பரம்பரை பரம்பரையாக முக்குளிப்பவர்கள். இந்தோனேசியாவில் வாழும் பஜாவ் மக்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், அவர்களுடைய மண்ணீரல் பக்கத்து ஊர்க்காரர்களைவிடச் சுமார் ஐம்பது விழுக்காடு பெரியதாக இருந்தது தெரிந்தது. மூச்சடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, தான் வைத்திருக்கும் சிவப்பணுக்களை இரத்தத்தில் விடும். அதாவது உடம்பே சேமித்து வைத்த ஒரு சிறு ஆக்ஸிஜன் கையிருப்பு.

படங்களில் வரும் வேறு சில சொற்களுக்கும் வழி வேண்டும். 10 மீட்டர் போனாலே நுரையீரலில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். 30 மீட்டரில் கால் பங்கு. அதனால் ஓர் ஆழத்துக்குப் பிறகு உடம்பு மிதக்க மறுத்து, கையைக் காலை அசைக்காமலே கீழே போகத் தொடங்கும். 'ஃப்ரீ ஃபால்' என்று சொல்கிற அதை 'தானிறக்கம்' என்று நான் எழுதுகிறேன். மேலே வரும்போது நினைவு தப்புவதை 'பிளாக்அவுட்' என்கிறார்கள். மயக்கம் என்றால் போதாது, வெயிலில் நின்றாலும் வருவது மயக்கம். 'நினைவிழப்பு' சரியாக இருக்கும். பெரும்பாலும் இது நீர்மட்டத்தை நெருங்கும்போதுதான் நடக்கிறது, ஏனென்றால் ஏறும்போது அழுத்தம் குறைந்து நுரையீரலில் ஆக்ஸிஜனின் அழுத்தமும் சட்டென்று விழுகிறது. இறங்கும் முன் வேக வேகமாக மூச்சு வாங்குவது இன்னும் ஆபத்து. மூச்சு வேண்டும் என்று உடம்பு கேட்கும் எச்சரிக்கையை அது தள்ளிப்போட்டுவிடும். ஆற்றில் முங்கு நீச்சல் போட்டி வைக்கும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. நான் என் அக்கா மகளுக்குப் படத்தை நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

நாங்கள் பார்த்த படம் 2023இல் லாரா மெக்கன் இயக்கிய 'தி டீப்பஸ்ட் ப்ரெத்'. இத்தாலிய வீராங்கனை அலெஸ்ஸியா செக்கினியும், அவரைப்போன்றவர்களைக் காக்கக் கீழே காத்திருக்கும் அயர்லாந்துக்காரர் ஸ்டீபன் கீனனும் அதில் வருகிறார்கள். 2017இல் எகிப்தின் தஹாப் கடலில் நீலக்குழி என்று சொல்லும் ஆழமான பள்ளத்தில் அலெஸ்ஸியாவைக் காப்பாற்றி மேலே கொண்டு வந்த கீனன் உயிரிழந்தார். 'சேஃப்டி டைவர்' என்ற அவருடைய வேலைக்கு என்ன சொல்லலாம் என்று நிறைய யோசித்தேன். பாதுகாப்பு முக்குளிப்பாளர் என்பது அலுவலகத் தாளில் இருப்பதுபோல இருக்கிறது. 'காவல் குளியர்' என்று ஒருநாள் எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. 'துணைமுக்குளிப்பவர்' என்று எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். கூடவே தண்ணீருக்குள் இறங்குகிற துணை.

ஆகவே முதல் முறை சொல்லும்போது மட்டும் 'மூச்சடக்கி முக்குளித்தல்' என்று எழுதுங்கள், புதிதாகப் படிப்பவருக்குக் குழப்பம் வராது. அதற்குப் பிறகு முக்குளிப்பு போதும். ஸ்கூபாவுக்குத்தான் அடைமொழி தேவை: 'காற்றுக்கலன் முக்குளிப்பு'. படத்தை முடித்த பிறகு என் அக்கா மகள் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "நாங்க ஒரு முக்குளிக்கிற படம் பாத்தோம்பா." அவர் என்னவென்று திருப்பிக் கேட்கவில்லை.