லாபத்தில் பங்கு என்று யாராவது சொன்னால்

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சில வருடங்களுக்கு முன் ஒரு குத்தகைப் பத்திரத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டை ஒட்டிய காலி மனையை டர்ஃப் மைதானம் போடுவதற்காக ஒருவருக்குக் கொடுத்திருந்தார். வாடகை குறைவு, அதற்குப் பதிலாக ‘நிகர லாபத்தில் 20 சதவீதம்’. மூன்று வருடமாக நஷ்டம் என்றே கணக்கு வந்துகொண்டிருந்தது.

“ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பசங்க ஆடிக்கிட்டே இருக்காங்க ஆடிட்டர் சார். அந்த லைட்டு வெளிச்சத்துல எனக்குத் தூக்கமே வர்றதில்ல. இதுல எப்படி நஷ்டம்?” என்றார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. மொட்டை மாடியில் நின்று, எந்த மணிக்கு எத்தனை பேர் ஆடினார்கள் என்று தேதி போட்டு எழுதியிருந்தார்.

கணக்கைப் புரட்டினேன். பொய் எதுவும் இல்லை, அதுதான் சங்கடம். குத்தகைக்காரரின் காருக்குத் தேய்மானம், மைத்துனர் பெயரிலிருந்த நிறுவனத்துக்கு நிர்வாகக் கட்டணம், மனைவி கொடுத்த கடனுக்கு வட்டி. எல்லாவற்றுக்கும் வவுச்சர் இருந்தது.

இந்த மாதிரிப் பத்திரம் மேஜைக்கு வரும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் மயாமி நகரம் நினைவுக்கு வரும்.

மார்லின்ஸ் என்பது அந்த ஊரின் மேஜர் லீக் பேஸ்பால் அணி. ஓவியங்களை வாங்கி விற்கும் தொழில் செய்த ஜெஃப்ரி லோரியா 2002-ல் அதை 15.8 கோடி டாலருக்கு வாங்கினார். புது ஸ்டேடியம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது, அரசு கைகொடுக்க வேண்டும் என்பது அணியின் பல்லவி. 2009-ல் மயாமி-டேட் கவுன்டி, அதாவது நம் ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரியானது, ஒப்புக்கொண்டது. 63 கோடி டாலருக்கு மேல் ஆன செலவில், நாலில் மூன்று பங்குக்கும் அதிகமாகப் பொதுப்பணம். அணி தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டவில்லை. அதைப் பார்க்காமலே கவுன்டி கையெழுத்துப் போட்டது. நம் ஊரில் ஐந்து லட்சம் கடன் கேட்டுப் போனாலே வங்கியில் மூன்று வருட ரிட்டர்ன் கேட்கிறார்கள்!

அடுத்த வருடமே அந்தக் கணக்கு வெளியே கசிந்தது. பஞ்சப்பாட்டு பாடிய அணி, 2008, 2009 இரண்டு ஆண்டுகளில் சுமார் 4.9 கோடி டாலர் செயல்பாட்டு லாபம் பார்த்திருந்தது. ஊர் கொதித்தது. சொத்து வரி உயர்வும் சேர்ந்துகொள்ள, 2011 மார்ச்சில் கவுன்டி மேயரைத் திரும்ப அழைக்கத் தேர்தல் நடந்தது; 88 சதவீதம் பேர் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் மேயர் போனாலும் கடன் பத்திரம் போகாது. அதில் ஒரு பகுதி, ஆரம்ப வருடங்களில் ஒன்றும் கட்டாமல் பின்னால் சேர்த்துக் கட்டும் வகை. வாங்கியது 9.1 கோடி டாலர், திருப்பிக் கட்ட வேண்டியது ஏறத்தாழ 120 கோடி. கடைசித் தவணை 2048-ல். ஹோட்டல் அறை வரியிலிருந்துதானே போகிறது, உள்ளூர்க்காரர் தலையில் விழாதே என்று சமாதானம் சொன்னார்கள். அந்த வரியும் ஊர்ப் பணம்தான்.

சரி, ரசிகர்களுக்கு என்ன கிடைத்தது? 2012 ஏப்ரலில் ஸ்டேடியம் திறந்தது. அதற்கு முன்பே ஹோசே ரேயஸ் போன்ற பெரிய ஆட்டக்காரர்களைப் பெருந்தொகைக்கு எடுத்திருந்தார்கள். அதே வருட நவம்பரில் அவரையும் இன்னும் சில முக்கிய ஆட்டக்காரர்களையும் ஒரே கைமாற்றில் டொராண்டோ அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அணியை நம்பி சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஒரே ஒரு சீசன்தான் மிச்சம்.

2017-ல் லோரியா அணியை 120 கோடி டாலருக்கு விற்றார். அணியை விற்றால் லாபத்தில் பொதுத் தரப்புக்குப் பங்கு உண்டு என்று ஸ்டேடிய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அந்த வருடத்துக்கு அது 5 சதவீதம். வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 5 கோடி டாலருக்கு மேல் வர வேண்டும். ஆனால் கடன், வரி, ஆலோசகர் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, 14.1 கோடி டாலர் நஷ்டம், பங்கு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. கவுன்டியும் நகராட்சியும் வழக்குப் போட்டு, கடைசியில் 42 லட்சம் டாலருக்குச் சமாதானமானது.

என் தொழில் புத்திக்கு இங்கே ஒன்று உறுத்துகிறது. ‘லாபத்தில் 5 சதவீதம்’ என்பதற்குப் பதில் ‘விற்பனை விலையில் 1 சதவீதம்’ என்று எழுதியிருந்தால் 1.2 கோடி டாலர் வந்திருக்கும். வக்கீல் தேவையில்லை, பெருக்கல் தெரிந்தால் போதும். லோரியாவைத் திட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவருக்கு அந்தக் கழிவுகளை எழுதிக் கொடுத்தது யார் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. கிளீவ்லாந்திலிருந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியை அதன் உரிமையாளர் ஆர்ட் மொடெல் பால்டிமோருக்குக் கொண்டுபோகப்போவதாக 1995-ல் அறிவித்த பிறகு, கிளீவ்லாந்து இருக்கும் ஒஹாயோ மாநிலம் ஒரு சட்டம் போட்டது. வரிப்பணத்தில் கட்டிய மைதானத்தில் ஆடும் அணி வேறு ஊர் போக வேண்டுமானால், நகரத்தின் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் முன்னதாகச் சொல்லி, உள்ளூர்க்காரர்களுக்கு வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். 2017-ல் அதே மாநிலத்தின் கொலம்பஸ் க்ரூ கால்பந்து அணியை ஆஸ்டினுக்கு மாற்றும் பேச்சு எழுந்தது; அடுத்த வருடம் மாநிலம் இந்தச் சட்டத்தை வைத்தே நீதிமன்றம் போனது. கடைசியில் அணி உள்ளூர் ஆட்களுக்கே கைமாறி அங்கேயே தங்கியது. கிரீன் பே பாக்கர்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கோ ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். டிவிடெண்ட் ஒரு காசு வராது. ஆனால் வருடா வருடம் வரவு செலவு வெளியே வந்துவிடும்.

அப்புறம் அந்த ஆசிரியை. புதுப்பிக்கும்போது ‘நிகர லாபம்’ என்ற வரியை அடித்துவிட்டு ‘மாத மொத்த வசூலில் 6 சதவீதம்’ என்று எழுதினோம். புக்கிங் ஆப்பின் கணக்கை மாதா மாதம் காட்ட வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தோம். குத்தகைக்காரர் இரண்டு வாரம் முறுக்கிக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போட்டார். முதல் மாதம் பெரிய தொகை ஒன்றும் வரவில்லை. ஆனால் ஆப் காட்டிய ஆட்டங்களின் எண்ணிக்கையும் அவர் நோட்டில் இருந்ததும் அநேகமாக ஒத்துப்போயின. இரண்டே இரண்டு ஆட்டம்தான் வித்தியாசம்; அன்றைக்கு மழை, அவர் மாடிக்குப் போகவில்லையாம்.