பழைய அவுட்போர்டு எஞ்சின் இழுக்கவில்லையா? முதலில் டாங்கைப் பாருங்கள்

போன ஆனியில் குமரி மாவட்டம் முட்டம் பக்கத்திலிருந்து ஒருவர், வள்ளத்தின் பின்னால் மாட்டும் தன் 15 குதிரைத்திறன் எஞ்சினை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், நல்ல பழசு.

"அண்ணா, கரையில நல்லா ஓடுது. கடல்ல போய் முழுசா முறுக்கினா பத்து நிமிசத்துல மூச்சு வாங்குது. வயசாச்சுல்லா, அதான்."

வேறு இடத்தில் இரண்டு முறை கார்புரேட்டர் கழுவியிருக்கிறார், பிஸ்டன் ரிங்கும் மாற்றியிருக்கிறார். டிரம் தண்ணீரில் வைத்து ஓட்டினேன். புது எஞ்சின் மாதிரி ஓடியது. டிரம்மில் எந்த எஞ்சினும் நன்றாகத்தான் ஓடும். வள்ளத்தைத் தள்ளுகிற பாரம் அங்கே இல்லை, குடிக்கிற பெட்ரோலும் கொஞ்சம்தான். மறுநாள் அவருடைய டாங்கையும் ஹோஸையும் கொண்டு வரச் சொன்னேன். ஹோஸை நீளவாக்கில் கீறிப் பார்த்தால், உள்பக்கத்து மெல்லிய தோல் உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக் கிடந்தது. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் அதைத் தாண்டி வந்துவிடும். முழுசாக முறுக்கினால் எஞ்சின் இழுக்கிற வேகத்தில் அந்தத் தோலே வழியை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் ஹோஸில் ஒரு கீறல் கிடையாது. ஹோஸை மாற்றியதும் சரியாகிவிட்டது. ரிங்குக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

பழைய எஞ்சினில் இது இப்போது அடிக்கடி வருகிறது. இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ஹோஸும், எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்ப்பின் டயாஃப்ரமும் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) அதற்காகச் செய்த ரப்பர் இல்லை. போதாததற்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டாங்க் பெட்ரோலைக் கடற்கரைக் காற்றில் வாரக்கணக்கில் போட்டு வைத்தால், ஒரு அளவுக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுகிற குழாயின் வாயும் அந்த அடியில்தான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அசையாமல் வையுங்கள். நடுவில் கோடு விழுந்தால் அந்தப் பெட்ரோல் வேண்டாம்.

இனி கடலில் எஞ்சின் இளைத்தால் முதலில் கை போக வேண்டியது ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் குமிழுக்கு. அது சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் அடைப்பு டாங்க் பக்கம். பாதி நேரம் டாங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பார்கள் (நானும் மறந்திருக்கிறேன்). எவ்வளவு அமுக்கினாலும் குமிழ் கெட்டியாகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது. ஹோஸ் மாட்டும் முனையின் ஓ-ரிங்கைப் பாருங்கள். அமுக்கிக்கொண்டே இருந்தால் எஞ்சின் தெளிகிறது, விட்டால் மறுபடி இளைக்கிறது என்றால் பெரும்பாலும் பம்ப் டயாஃப்ரம் தளர்ந்திருக்கும். இதையெல்லாம் பார்க்க ஸ்பேனர் தேவையில்லை.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டாமல் அப்படியே நிறுத்துவதால் பிளக் கறுக்கும், மறுநாள் ஸ்டார்ட் ஆவதும் பாடு. எக்ஸாஸ்ட் வழியில் கரி கட்டி அது சுருங்கினாலும் எஞ்சின் பலம் குறையும். எரிபொருளோடு கலக்கும் ஆயில் கூடட்டும் என்று கண்ணளவில் ஊற்றுவதும் கரியைத்தான் கூட்டும். 50-க்கு 1 என்று புத்தகம் சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி, அவ்வளவுதான். பெட்ரோலுக்கு மட்டும் செய்த எஞ்சினில் காசு மிச்சம் என்று மண்ணெண்ணெய் கலப்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. உடைந்த பிஸ்டன் ஒன்றை மேசையில் வைத்திருக்கிறேன், எடுத்துக் காட்டுவேன்.

இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் ஓடுகிறதா என்று பார்க்க, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு பிளக் தொப்பியைக் கழற்றி, எஞ்சின் உலோகத்தில் எர்த் கொடுத்து வைத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு அடுத்ததை. எதைக் கழற்றும்போது வித்தியாசம் தெரியவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. எர்த் இல்லாமல் தொங்கவிட்டால் சிடிஐ (பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மின்பெட்டி) எரிந்துபோகலாம். கம்ப்ரஷன் அளவெல்லாம் பட்டறை வேலை.

எஞ்சின் கத்துகிறது, வள்ளம் நகரவில்லை என்றால் அது வேறு கதை. பெரும்பாலும் எஞ்சினில் கோளாறு இருக்காது. புரொப்பல்லருக்கு உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கும். நடுக்குழாயிலும் வெளிக்குழாயிலும் சேர்த்து பெயின்டில் ஒரு கோடு போடுங்கள்; ஓடி வந்த பிறகு கோடு விலகியிருந்தால் புஷ் முடிந்தது. புரொப்பல்லரைக் கழற்றும்போது தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆயில் சீலை அறுத்தால் தண்ணீர் புகுந்து கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்துவிடும்.

ஒன்றுக்கு மட்டும் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்: எஞ்சினைக் குளிரவைத்துப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்து, எஞ்சினும் சூடாகி இளைத்தால். கரையில் இறக்கி ஏற்றும் நம் ஊரில் இம்பெல்லர் (அந்தத் தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரம்) மணலைத் தின்றே தேய்கிறது. தண்ணீர் பீய்ச்சும் துளையில் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். மணல் அடைப்பென்றால் தண்ணீர் திரும்ப வரும். வராவிட்டால் முறுக்கிக்கொண்டு கரை சேரப் பார்க்காதீர்கள், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பக்கத்து வள்ளத்தைக் கூப்பிடுங்கள்.

மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் ஜூன், ஜூலையில்தான் கடலும் மோசம், வள்ளங்களும் மும்முரம். தேங்காப்பட்டணம் துறைமுக வாயிலில் அலையில் கவிழ்ந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் எஞ்சின் பத்து நொடி இளைத்தாலும் போதும். சந்தேகம் உள்ள எஞ்சினை அந்த வாயிலில் சோதிக்காதீர்கள்.

அப்புறம், பட்டறைக்கு வரும்போது டாங்கையும் ஹோஸையும் சேர்த்தே கொண்டு வாருங்கள். எஞ்சினை மட்டும் கொண்டு வந்தால் என் டாங்கில் மாட்டித்தான் பார்ப்பேன். என் டாங்கில் அது நன்றாகத்தான் ஓடும்.