எரர் வராத தவறுகள்: பைதான் லிஸ்ட் பழகும்போது கவனிக்க வேண்டியவை

பைதான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் முதல் வாரத்தில் பயப்படுவது திரையில் வந்து நிற்கும் எரரை, அதாவது பிழைச் செய்தியைப் பார்த்துத்தான். பல வருடங்களாக புரோகிராம் எழுதியும், புதியவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுத்தும் வருகிற நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: எரர் வந்தால் நல்லது, எந்த வரியில் சிக்கல் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். எரரே வராமல் தப்பான விடை வருகிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

ஒரு மாணவி மூன்று மதிப்பெண்களை, நாம் தட்டச்சு செய்வதை வாங்கித் தரும் இன்புட் (input) வழியாக வாங்கி, லிஸ்ட்டில், அதாவது பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியலில் சேர்த்திருந்தார்: 85, 9, 100. பெரியதைத் தரும் மேக்ஸ் (max) போட்டதும் 9 வந்தது. சிறியதைத் தரும் மின் (min) போட்டால் 100. பைதானே தப்பாகச் சொல்கிறதோ என்று குழம்பிப்போனார். இன்புட் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எண்ணாக இல்லாமல் எழுத்துகளின் தொடராகத்தான் தரும். ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும்போது, அகராதியில் சொற்களை அடுக்குவது போல, முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். 9, 8, 1 என்ற மூன்றில் பெரியது 9. அவ்வளவுதான். இதே லிஸ்ட்டை, எல்லாவற்றையும் கூட்டித் தரும் சம்மிடம் (sum) கொடுத்துப் பாருங்கள், வகை பொருந்தவில்லை என்று உடனே டைப்எரர் (TypeError) வந்துவிடும். மேக்ஸ் அப்படி இல்லை, சத்தமே இல்லாமல் ஒரு விடையைத் தந்துவிட்டுப் போய்விடும். லிஸ்ட்டில் சேர்ப்பதற்கு முன்பே இன்ட் போட்டு எண்ணாக்கிவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

அடுத்தது சார்ட் (sort), சார்ட்டட் (sorted) குழப்பம். சார்ட் என்பது லிஸ்ட்டுக்குச் சொந்தமான மெத்தட், அதாவது லிஸ்ட்டோடு சேர்ந்தே வரும் செயல். அது இருக்கிற லிஸ்ட்டையே வரிசைப்படுத்திவிட்டு, நன் (None), அதாவது ஒன்றுமில்லை என்று வெறுங்கையைக் காட்டும். 2004-ல் வந்த பைதான் 2.4 பதிப்பில் சேர்ந்த சார்ட்டட், பைதானிலேயே தயாராக இருக்கும் ஒரு பில்ட்-இன் ஃபங்ஷன். அது பழைய லிஸ்ட்டைத் தொடாமல் புதிதாக ஒன்றைத் தரும். சார்ட் தருவதை அதே வேரியபிளில் (மதிப்புக்கு நாம் வைக்கும் பெயரில்) வாங்கிப் போட்டு, மொத்த லிஸ்ட்டையும் தொலைக்காத புதியவரை நான் பார்த்ததில்லை. அதனால் எந்த ஃபங்ஷனைப் புதிதாகப் பழகினாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இது என் லிஸ்ட்டை மாற்றுகிறதா, புதிதாக ஒன்றைத் தருகிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். பெயர்கள் ஒரு லிஸ்ட்டில், மதிப்பெண்கள் இன்னொரு லிஸ்ட்டில். முதல் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மதிப்பெண் லிஸ்ட்டை ‘வரிசை’ என்ற வேறு வேரியபிளில் சமக்குறி போட்டு வைத்துக்கொண்டு, அந்த ‘வரிசை’யை மட்டும் சார்ட் செய்தேன். அசல் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பு. ஆனால் சமக்குறி நகல் எடுப்பதில்லை, அதே லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர் வைக்கிறது. அசலும் சேர்ந்தே மாறிப்போய், ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் பெயருக்கு நேராக நின்றது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. பட்டியல் வெளியே போகும் முன் உடன் வேலை செய்தவர் கண்ணில் பட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. காப்பி என்ற மெத்தட் அதற்காகத்தான் இருக்கிறது.

லிஸ்ட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துப் போகும் லூப் ஓடும்போதே அதே லிஸ்ட்டிலிருந்து நீக்குவதும் இந்த ரகம்தான். 2, 4, 6, 8 என்று ஒரு லிஸ்ட். இரட்டை எண்களையெல்லாம் ரிமூவ் செய்யச் சொன்னால் எதுவும் மிஞ்சக் கூடாது, இல்லையா? 4-ம் 8-ம் மிஞ்சும். முதல் இடத்திலிருந்த 2 போனதும் மற்றவை ஓரிடம் முன்னே நகர்கின்றன. லூப் இரண்டாம் இடத்துக்குப் போகும்போது அங்கே நிற்பது 6. நடுவில் 4 தப்பித்துவிட்டது. வேண்டியதை மட்டும் புது லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்வதுதான் சரியான வழி.

அப்புறம், வேரியபிளுக்கு list என்றோ sum என்றோ பெயர் வைக்காதீர்கள். அதன் பிறகு அந்தப் பெயரிலுள்ள பில்ட்-இன்னைக் கூப்பிட முடியாது. வேரியபிள் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பைதான் 3 ஏற்றுக்கொள்ளும். ஆனால் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு, நீளத்தைச் சொல்லும் லென் (len) போட்டால் 3 வராது, 5 வரும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. தமிழ்ச் சொற்களை லிஸ்ட்டாக உடைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

பயிற்சிக்குப் பெரிய புராஜெக்ட் எதுவும் தேவையில்லை. நாலு எண்கள் உள்ள லிஸ்ட் போதும். ரன் செய்வதற்கு முன் விடை என்ன வரும் என்று தாளில் எழுதிவிடுங்கள். தாளும் திரையும் ஒத்துப்போகாத இடத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். இன்றைக்கே ஒன்று: மூன்று பூஜ்ஜியங்கள் உள்ள ஒரு லிஸ்ட்டை இன்னொரு லிஸ்ட்டுக்குள் வைத்து, அதை மூன்றால் பெருக்குங்கள். முதல் வரிசையின் முதல் இடத்தில் மட்டும் 1 போடுங்கள். பிரிண்ட் செய்வதற்கு முன், எத்தனை 1 தெரியும் என்று எழுதி வையுங்கள்.