மாட்ரிட்டிலிருந்து இஸ்தான்புல்லுக்கு எவ்வளவு நேரம்?

மாட்ரிட், இஸ்தான்புல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கும் ஊர்கள். சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் அளவுகோல் வைத்து இரண்டையும் இணைத்தால், கோடு இத்தாலியின் நேப்பிள்ஸை ஒட்டிப் போகும். இப்போது ஒரு பூகோள உருண்டையை எடுத்து, அதே ஊர்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் கொஞ்சம் வடக்கே ஏறி, ரோம் மேல் போய் உட்காரும். அதுவும் ஏறக்குறைய சரிபாதித் தூரத்தில்!

உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி அந்த நூல்தான். பெருவட்டப் பாதை என்பார்கள். நீளம் சுமார் 2,740 கிலோமீட்டர். அளவுகோல் வழியைவிட 20 கிலோமீட்டர்கூட மிச்சமில்லை என்றாலும், கண்டம் தாண்டும் பயணங்களில் இதே வித்தியாசம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டராக வளர்ந்துவிடும்.

சரி, நேரம்? ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்கள் உயரே போனபின் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் 3 மணி 18 நிமிடம். ஆனால் இந்த 830 என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்?

ஐரோப்பாவுக்கு மேலே, 10, 11 கிலோமீட்டர் உயரத்தில், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொள்வோம். இஸ்தான்புல் போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 930. 2 மணி 57 நிமிடம் போதும். திரும்பும்போது 730தான், 3 மணி 45 நிமிடம் ஆகும். போகும்போது கிடைத்த லாபம் 21 நிமிடம், வரும்போது நஷ்டம் 27 நிமிடம். எதிர்க்காற்றில் வேகம் குறைவதால் அதற்குள் அதிக நேரம் இருக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் கணக்கு நேராவதில்லை. காற்றே இல்லாத நாளில்தான் போய்வரும் மொத்த நேரம் குறைவு. பள்ளியில் இந்தக் கணக்கைப் படகையும் ஆற்றையும் வைத்துச் சொல்லித் தருகிறார்கள். விமான டிக்கெட்டை வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு இன்னும் பிடிக்கும்.

அப்படியும் டிக்கெட்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். நிற்கும் இடத்தைவிட்டு விமானம் அசைந்த நொடியிலிருந்து, அங்கே போய் நின்று ஓயும் நொடிவரை எல்லாமே அதில் சேர்த்தி. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மெதுவாக மேலேறுவது, இறங்குவதற்கு முன் வரிசையில் காத்திருப்பது எல்லாம் நிமிடங்களைத் தின்னும். நூல் பிடித்த பாதையிலேயே பறக்கவும் முடியாது. நெரிசலுக்கும் வானிலைக்கும் ஏற்ப வழி வளையும். ஐரோப்பிய வான்வெளியில் இந்த நெரிசலைச் சமாளிக்கும் பொறுப்பு பிரஸ்ஸல்ஸில் இருக்கும் யூரோகன்ட்ரோல் அமைப்புடையது. தாமதம் வந்தாலும் தாங்கட்டும் என்று விமான நிறுவனங்களும் சில நிமிடங்களைக் கூட்டி வைக்கின்றன.

அப்புறம் கடிகாரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துருக்கி 2016 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தை வைத்திருக்கிறது. ஸ்பெயின் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகிறது. ஆகவே குளிர்காலத்தில் இரு ஊர்களுக்கும் வித்தியாசம் 2 மணி, கோடையில் 1 மணி. மாட்ரிட்டில் காலை 10 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால், ஜனவரியில் இஸ்தான்புல் கடிகாரம் மாலை 4.15 காட்டும், ஜூலையில் 3.15.