'பீச்சம்' என்பதில் ஒளிந்திருக்கும் பழைய பிரெஞ்சு

லண்டன் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்த வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "அங்கே ஒரு கோபுரத்தின் பெயரை பி-ஈ-ஏ-யூ-சி-எச்-ஏ-எம்-பி என்று எழுதியிருக்கிறார்கள். வழிகாட்டி அதை 'பீச்சம்' என்கிறார். பிரெஞ்சு படிக்கும் என் மகளோ 'போஷான்' என்கிறாள். எது சரி?"

இரண்டும் சரிதான். பிரெஞ்சில் இதற்கு 'அழகிய வயல்' என்று பொருள். 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபின், பிரெஞ்சு பேசிய பிரபுக்களோடு இந்தப் பெயரும் கடல் தாண்டியது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வாரிக் பிரபு தாமஸ் 1397இல் அங்கே சிறைவைக்கப்பட்டதால் கோபுரத்துக்கும் அதுவே பெயரானது.

என்னை மயக்குவது நடுவிலுள்ள 'ச்ச'. லத்தீனில் வயல் 'கம்புஸ்'. பிரெஞ்சில் பெரும்பாலான வட்டாரங்களில் அந்தக் 'க' நாக்கோடு சேர்ந்து முன்னே நகர்ந்து 'ச்ச' ஆனது. கன்னடத்தில் 'கிவி' என்பது தமிழில் 'செவி' என்று ஆனதும் ஏறக்குறைய இதே வழியில்தான். அப்புறம், 13ஆம் நூற்றாண்டு வாக்கில், பிரெஞ்சுக்காரர்களின் 'ச்ச' தளர்ந்தது. 'பச்சை' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: நாக்கு அண்ணத்தில் ஒட்டி, காற்றை அடைத்து, பிறகு விடுகிறது. ஒட்டாமல் ஒரு சின்ன இடைவெளி விட்டால் காற்று உரசிக்கொண்டே போகும், அதுதான் 'ஷ'. மாற்றம் அவ்வளவுதான்!

ஆனால் அதற்குள் பெயர் இங்கிலாந்தில் குடியேறிவிட்டது. அங்கே நாக்கு ஒட்டுவதை நிறுத்தவில்லை. தலை என்று பொருள்படும் ஒரே பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலம் இரண்டு முறை வாங்கியிருக்கிறது: முன்பே வாங்கியது 'சீஃப்', 19ஆம் நூற்றாண்டில் வாங்கியது 'ஷெஃப்'. சொல் எப்போது வந்தது என்பதை ஒலியே காட்டிக்கொடுக்கிறது. நம் ஊர்ப் பேச்சு வழக்குகளுக்குள்ளும் இப்படி எத்தனை தடயங்கள் இருக்குமோ! அவற்றை ஒலியோடு பதிவுசெய்ய அரசு இன்னும் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் ஆசை.

முதல் அசை 'பீ' ஆனது ஆங்கிலேயர்களின் கைவேலை. லெஸ்டர்ஷயரில் 'அழகிய காட்சி' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர்கொண்ட 'பெல்வுவார்' கோட்டையையும் அவர்கள் 'பீவர்' என்றே சொல்கிறார்கள். இசை நடத்துநர் தாமஸ் பீச்சத்தின் பெயரில் எழுத்தும் ஒலிக்கேற்ப மாறி, இரண்டு 'ஈ' வந்துவிட்டது.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: இன்றைய பாரிஸ்காரருக்கு அவள் உச்சரிப்புதான் புரியும். ஆனால் வில்லியம் காலத்து வீரன் ஒருவன் எழுந்து வந்தால், அந்தச் 'ச்ச' ஒன்றில் மட்டும் வழிகாட்டியோடுதான் ஒத்துப்போவான்.