பத்துக் கோடி டாலர் கடிதத்தில் இல்லாத கேள்வி

கடந்த ஆண்டு, தென்கடலோர மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தொழிலதிபர் என் அலுவலகத்துக்கு வந்தார். கடல் உணவு ஏற்றுமதியில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், கணக்கில் கெட்டிக்காரர். சூரிய மின் நிலையமும் அதனுடன் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் அமைத்து, பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு விற்பது அவருடைய திட்டம். அதற்கு வெளிநாட்டு நிதி நிறுவனம் ஒன்று பத்துக் கோடி டாலர் கடன் தர இசைந்துவிட்டதாகக் கூறி, பொன்னிற முத்திரை பதித்த ஆறு பக்கக் கடிதத்தை மேசைமேல் வைத்தார். வட்டி இரண்டரை சதவீதம், ஈடு தேவையில்லை, முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தவணையும் இல்லை. ‘காப்பீட்டுக் கட்டணமாக’ 48,000 டாலரை முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்ற வரி மட்டும் ஐந்தாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

நான் முதலில் மூன்றாம் பக்கத்தில்தான் நின்றேன். மின் நிலையத்தின் திறன் ‘நாளொன்றுக்கு 5 மெகாவாட்’ என்று அங்கே எழுதியிருந்தது. மெகாவாட் என்பதே ஒரு நொடியில் நிகழும் வேலையின் அளவு என்பதால் அதற்கு ‘நாளொன்றுக்கு’ என்ற அடைமொழி பொருந்தாது; மின் நிலையங்களுக்குக் கடன் கொடுத்துப் பழகியவர் கை அப்படி எழுதாது. பன்னாட்டுப் பணப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் சுவிஃப்ட் குறியீட்டை எண்ணிப் பார்த்தால் ஒன்பது எழுத்துகள். அந்தக் குறியீட்டுக்கு எட்டு எழுத்துகள் இருக்கும், அல்லது பதினொன்று இருக்கும், ஒன்பது கிடையாது. கடன் தொகையும் உதைத்தது. சென்னை நெம்மேலியில் 2024இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் ஆலைக்கே ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்தான் செலவாயிற்று. அதற்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி கடன் கொடுத்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், இவருக்குத் தருவதாகச் சொன்ன பணம் இவருடைய திட்டச் செலவைப்போல் பல மடங்கு.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வேறொன்று. அந்தத் தண்ணீரை யார் வாங்கப்போகிறார்கள் என்ற கேள்வி ஆறு பக்கங்களில் ஓரிடத்திலும் இல்லை.

மெய்யான பன்னாட்டுக் கடன் அந்தக் கேள்வியில்தான் தொடங்கும். குவைத்தின் அஸ்-ஸூர் வடக்கு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1,500 மெகாவாட் மின்சாரமும் நாளொன்றுக்குச் சுமார் 48 கோடி லிட்டர் நன்னீரும் தரும் அந்த நிலையம், தனியார் பங்கேற்புடன் அந்நாட்டில் எழுந்த முதல் மின்-நீர் நிலையம். அன்று ஜிடிஎஃப் சூயஸ் என்றிருந்த பிரெஞ்சு நிறுவனம், ஜப்பானின் சுமிட்டோமோ, குவைத்தின் சாகர் குழுமம் ஆகிய மூவருக்கும் சேர்த்து 40 சதவீதப் பங்கு. மீதி 60 சதவீதம் அரசின் பக்கம், அதிலும் பெரும்பகுதி பிற்பாடு குடிமக்களுக்கே வழங்குவதற்காக ஒதுக்கப்பட்டது. கடன் கொடுத்தவர்களில் முக்கியமானது ஜப்பானின் ஜே.பி.ஐ.சி வங்கி. தனியார் வங்கிகளும் சேர்ந்தன. ஏலத்தில் வென்ற குழு முன்பே தெரிந்துவிட்டபோதிலும் ஒப்பந்தங்களில் கையெழுத்தாக 2013 டிசம்பர் ஆயிற்று; நிலையம் முழு அளவில் இயங்கத் தொடங்கியது 2016 நவம்பரில். வங்கிகளை உள்ளே இழுத்தது குழாய்களோ டர்பைன்களோ அல்ல. மின்சாரத்தையும் தண்ணீரையும் 40 ஆண்டுகள் வாங்கிக்கொள்கிறோம் என்று குவைத்தின் மின்சார, நீர் அமைச்சகம் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம்தான் அவர்களை இழுத்தது.

அத்தகைய ஒப்பந்தத்தில் இரண்டு வகைக் கட்டணம் உண்டு. நிலையம் இயங்கத் தயாராக இருந்தாலே கிடைப்பது திறன் கட்டணம். கடன் தவணை அதிலிருந்துதான் போகும். உண்மையில் அனுப்பிய யூனிட்டுக்கும் லிட்டருக்கும் கிடைப்பது மற்றது. வாங்குபவர் வேண்டாம் என்று சொல்லும் நாளிலும் திறன் கட்டணம் வரும் என்பதால், வங்கி உரிமையாளரின் வீட்டையோ நிலத்தையோ கேட்காமல் இந்த ஒரு திட்டத்தின் வருமானத்தை மட்டும் நம்பிக் கடன் தருகிறது. ‘ஈடு தேவையில்லை’ என்று ஏமாற்றுக்காரர்கள் எழுதுவது இதன் எதிரொலிதான். ஆனால் ஈடு இல்லை என்பதும் முழு உண்மையல்ல. ஒப்பந்தங்கள், வங்கிக் கணக்குகள், நிறுவனத்தின் பங்குகள் என ஒவ்வொன்றும் கடன் கொடுத்தவரின் பிடியில் இருக்கும். வருமானம் முதலில் ஒரு காப்புக் கணக்கில் விழும். இயக்கச் செலவு, அடுத்து வட்டியும் அசலும், பின்பு பெரும்பாலும் ஆறு மாதத் தவணைக்கான இருப்பு என்ற வரிசையில் பிரியும், மிஞ்சினால்தான் உரிமையாளருக்கு.

கடன் கொடுப்பவரின் பொறியாளர் கேட்கும் கேள்விகளைக் கேட்டவர்களுக்குப் போலிக் கடிதம் சட்டென்று அடையாளம் தெரியும். வளைகுடாவில் ஒரு நிலையத்துக்காக நான் ஆலோசகர் குழுவில் இருந்தபோது, அப்படிப்பட்ட பொறியாளர் ஒருவர் அரை நாள் முழுவதும் ஜனவரி மாதத்தைப் பற்றியே கேட்டார். குளிர்காலத்தில் குளிர்சாதனங்கள் ஓயும். மின் தேவை பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். தண்ணீர்த் தேவையோ அவ்வளவாகக் குறையாது. டர்பைனிலிருந்து வரும் நீராவியைக்கொண்டு நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலையில் மின்சாரம் குறைந்தால் நீராவியும் குறையும், அப்போது தண்ணீருக்கு என்ன வழி என்பது அவருடைய கேள்வி. துணைக் கொதிகலனின் வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் ஆலையாக இருந்தால், கேள்வி கடலில் திடீரென்று பெருகி வடிகட்டிகளை அடைக்கும் செம்பாசிக்கு மாறும். 2008-09இல் வளைகுடாக் கடலில் பரவிய பாசி பல ஆலைகளை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தது.

கட்டணம் பற்றி ஒரு தெளிவு வேண்டும். ‘உண்மையான வங்கி முன்பணமே கேட்காது’ என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல, அந்த அரைகுறை அறிவுரையே சிலரைச் சிக்கவைக்கிறது. வங்கியின் வழக்கறிஞர், பொறியாளர், காப்பீட்டு ஆலோசகர் ஆகியோரின் செலவைத் திட்டம் தொடங்குபவர்தான் ஏற்க வேண்டும், கடன் கிடைக்காமல் போனாலும் ஏற்க வேண்டும். வேறுபாடு எங்கே என்றால், அந்தப் பணம் பணிவரையறை எழுதிய நியமனக் கடிதத்தின்பேரில், பெயரும் முகவரியும் உள்ள அலுவலகத்தின் பில்லுக்குப் போகும். பதிலுக்கு நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை கையில் வரும். வங்கியின் சொந்தக் கட்டணத்தின் பெரும்பகுதி கடன் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே எழும், பெரும்பாலும் முதல் தவணைப் பணத்திலேயே கழிக்கப்படும். மோசடியில் அறிக்கை ஏதும் வராது, அடுத்த கட்டணம்தான் வரும்.

இன்னொரு வலை ‘வாடகை வங்கி உத்தரவாதம்’. பெரிய வங்கியின் உத்தரவாதத்தை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்து, அதைக் காட்டிக் கடன் வாங்கலாம் என்பார்கள், எம்.டி. 799, எம்.டி. 760 என்று சுவிஃப்ட் செய்தி வகைகளின் எண்களை அடுக்குவார்கள். 799 என்பது வங்கிகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் வெறும் தகவல், யாரையும் கட்டுப்படுத்தாது. 760 உத்தரவாதத்தையே அனுப்பும் செய்தி. அது வங்கிக்கும் வங்கிக்கும் இடையில் போவது, வாட்ஸ்அப்பில் வரும் அதன் ‘நகல்’ வெறும் காகிதம்.

இந்திய நிறுவனத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெளிநாட்டு வணிகக் கடன் எதுவானாலும் நம் வங்கி வழியாகப் படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியிடம் கடன் பதிவு எண் பெற்ற பிறகே பணத்தை எடுக்க முடியும். நம் தொழிலதிபர் 48,000 டாலரை அனுப்பப் போனபோது, அவருடைய வங்கிக் கிளையின் அந்நியச் செலாவணி அதிகாரி பதிவு எண் எங்கே என்று கேட்டதால்தான் அவர் என்னிடம் வந்தார். முன்னதாக ‘ஆவணக் கட்டணம்’ என்று உள்ளூர்க் கணக்கு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் போய்விட்டிருந்தது. அன்றே இணையவழிப் பணமோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுக்கச் சொன்னேன். இந்த எண்ணை அழைக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு மாறிக்கொண்டிருக்கும். அவர் இரண்டு வாரம் தாமதித்திருந்தார், அந்தப் பணம் திரும்பவில்லை.

தொழிற்பேட்டையில் யார் யார், எவ்வளவு தண்ணீரை, என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு வாங்குவார்கள் என்று எழுத்தில் வாங்கி வரும்படி அவரிடம் கூறினேன். நான்கு மாதம் கழித்து வந்தார். இரண்டு ஆலைகள் பதினைந்து ஆண்டு ஒப்பந்தத்துக்கு இசைந்திருந்தன. இரண்டும் சேர்ந்து கேட்டது நாளொன்றுக்கு 15 லட்சம் லிட்டர். இந்த அளவுக்கு வெளிநாட்டு வழக்கறிஞர், பொறியாளர் செலவே கட்டாது. இப்போது உள்ளூர்ப் பொதுத்துறை வங்கி ஒன்றில் அவருடைய விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. வங்கி மேலாளர் கேட்ட முதல் ஆவணம் அந்த இரண்டு ஆலைகளின் கடந்த மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு.