சங்கேதப் பெயர் அல்ல, அழைப்புக்குறி

வானொலி நிலையம் தன்னை அடையாளம் காட்டச் சொல்லும் எழுத்தும் எண்ணுமான குறிக்கு ஆங்கிலத்தில் ‘கால் சைன்’ (call sign) என்று பெயர். அது மூலத்தில் வந்தால் போதும், தமிழில் ‘சங்கேதப் பெயர்’ என்று எழுதிவிடுகிறார்கள். செய்திகளிலும் திரைப்பட வசன வரிகளிலும் மட்டுமல்ல, அமெச்சூர் வானொலியை, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசும் வானொலியை, அறிமுகப்படுத்தும் கட்டுரைகளிலும் இதே கதைதான். இந்தப் பிழை பொருளையே தலைகீழாக்குகிறது.

சொல்லின் வரலாறு சிறியது. கம்பித் தந்திக் காலத்தில் ஒரே கம்பியில் பல நிலையங்கள் இணைந்திருந்தன. எந்த நிலையத்தை அழைக்கிறோம் என்று காட்ட ஓரிரு எழுத்துகள் தேவைப்பட்டன. அந்த வழக்கத்தைக் கம்பியில்லாத் தந்தியும் எடுத்துக்கொண்டது. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் குறி எம்.ஜி.ஒய். பிற்பாடு முன்னெழுத்துகள் நாடுவாரியாகப் பங்கிடப்பட்டன. வி.யு. என்று தொடங்கினால் இந்திய அமெச்சூர் நிலையம், 4எஸ் என்றால் இலங்கை நிலையம்.

‘சங்கேதம்’ வடசொல் என்பதற்காக நான் அதை எதிர்க்கவில்லை. வடமொழியில் அது ‘உடன்பட்டு வைத்துக்கொண்ட குறிப்பு’ என்று பொருள்படும். அந்தப் பொருள் தமிழிலும் நிலைத்திருந்தால் வழக்கே இல்லை. ஆனால் இன்றைய தமிழில் சங்கேத மொழி என்றால் மறைமொழி, சங்கேதப் பெயர் என்றால் ஆளை மறைக்கும் பெயர். அமெச்சூர் வானொலியின் கால் சைனோ ஆளைக் காட்டுவதற்கென்றே அரசு உரிமத்தோடு தருவது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிகள், நாடுகளுக்கிடையே பேசும் அமெச்சூர் நிலையங்கள் பொருளை மறைக்கும் நோக்கில் குறியீடாக்கி அனுப்பக் கூடாது என்கின்றன. பரப்பும்போது குறுகிய இடைவெளிகளில் அழைப்புக்குறியைச் சொல்லவும் கட்டளையிடுகின்றன. மறைப்பதைத் தடுக்கும் துறையில் அடையாளத்துக்கே மறைபெயர் என்று பெயரிடுவது எப்படிப் பொருந்தும்? ஏ, பி என்ற எழுத்துகளை ‘அல்ஃபா, பிராவோ’ என்று விரித்துச் சொல்வதைக் கேட்டு ரகசியமென்று நினைக்கிறார்கள் போலும். இரைச்சலிலும் எழுத்து மாறாமல் விளங்கத்தான் அந்த ஏற்பாடு. போர் விமானிகளின் பட்டப்பெயரும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் வழங்குவது குழப்பத்தின் இன்னொரு வேர். மொழிபெயர்ப்பவர் எந்தத் துறையில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

ரிப்பீட்டரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஓர் அலைவெண்ணில் கேட்பதை அதே நொடியில் இன்னோர் அலைவெண்ணில் மறுபரப்பும் ஆளில்லா நிலையம் அது. 2 மீட்டர் பட்டையில் (அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர் உள்ள அலைவெண் தொகுதியில்) இரண்டுக்கும் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். குறுக்கீடு வந்தால் யாருடைய கருவி என்று கண்டுபிடிக்க அதன் அழைப்புக்குறிதான் எளிய வழி. அமெரிக்க விதி, உரையாடலின்போது 10 நிமிடத்துக்கு ஒருமுறையாவதும் முடிவிலும் அறிவிக்கச் சொல்கிறது. அறிவிப்புக்கென்றே தானியங்கிக் கருவி மோர்ஸில் (புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் தந்திக் குறியில்) அனுப்பினால் வேகம் நிமிடத்துக்கு 20 சொல்லைத் தாண்டக் கூடாது. அந்த வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிநொடி.

கடிகாரத்தைச் சரியாக 10 நிமிடத்தில் வைப்பது தவறு. அப்படி வைத்தால் குறி அனுப்பி முடிவதற்குள் வரம்பு கடந்துவிடும். ஒன்பதரை நிமிடம் பாதுகாப்பானது. நல்ல கட்டுப்பாட்டுக் கருவி அதற்குச் சற்று முன்பிருந்தே பேச்சின் இடைவெளியைத் தேடும். கிடைத்தால் குரலில் அறிவிக்கும், கிடைக்காவிட்டால் பேச்சின் மேலேயே மோர்ஸை அனுப்பும். அப்போது மோர்ஸின் ஒலியளவு பேச்சைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பேசுபவரின் சொற்கள் அமுங்கிப்போகும். ரிப்பீட்டர் தன் குறியை அறிவித்துவிட்டதால் பயன்படுத்துபவர் சொல்ல வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் தனித்தனி நிலையங்கள், தனித்தனிக் கடமைகள். ரிப்பீட்டர் திறக்கிறதா என்று பார்க்கப் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுப் பேசாமல் விடுவதும் அடையாளமற்ற பரப்புதான்.

இப்படி ஒவ்வொரு சுற்றிலும் ‘நான் இன்னார்’ என்று ஊரறியச் சொல்லும் ஒன்றைச் ‘சங்கேதப் பெயர்’ என்றால் புதிதாக உரிமத் தேர்வுக்குப் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

தனித்தமிழ் ஆர்வலர் சிலருக்கு ‘விளிக்குறி’ பிடிக்கும். சுருக்கமான சொல்தான். ஆனால் விளித்துப் பேசும் சொல்லை அடுத்து இடும் நிறுத்தக்குறிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ‘அழைப்பு எண்’ என்பதும் சரிப்படாது, குறியில் பெரும்பகுதி எழுத்துகள். ‘அழைப்பு அடையாளம்’ பொருளில் பிழையில்லை, நீளம்தான் இடிக்கிறது. ‘அழைப்புக்குறி’ எவ்வளவோ மேல். ‘க்’ மிகும், ஒரே சொல்லாகச் சேர்த்தெழுத வேண்டும்.

வினையாக்கும்போது ஓர் எச்சரிக்கை: ‘நிலையம் குறி சொன்னது’ என்று எழுதினால் வருங்காலம் உரைத்தது என்றாகிவிடும். ‘அழைப்புக்குறியை அறிவித்தது’ என்றே எழுதலாம். ரிப்பீட்டர் தானாகச் செய்யும் வேலைக்குத் ‘தன்னறிவிப்பு’ பொருந்தும்.